பள்ளியில் நடனம் ஒரு பாடமாக: தில்லி வகுப்பறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வேலையில் சேர்ந்த முதல் நாள் பிரின்சிபால் எனக்கு டைம்டேபிள் தரவில்லை, ஆண்டு விழா தேதியைத்தான் தந்தார். "சார் ஐட்டம் சாஹியே, மேம்" என்றார். கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இந்தி அரைகுறை. எந்த சாருக்கு ஐட்டம் என்று திரும்பிப் பார்த்தேன். 'சார்' என்றால் நாலு என்று பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர் காதோடு சொன்னார். அந்த வருடம் முழுக்க அந்த நாலு ஐட்டத்தைத்தான் செய்தேன். நாற்பது பேர் மேடை ஏறினார்கள். மற்ற பிள்ளைகளுக்கு நடன பீரியட் என்றால் ஹாலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த நாற்பது பேரை வேடிக்கை பார்ப்பது என்று ஆகிப்போனது.

தில்லி, நொய்டா, குருகிராம் பக்கம் பள்ளிகளில் நடன ஆசிரியராகச் சேரப்போகிற நம் ஊர்ப் பெண்களுக்கும், எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பையன்களுக்கும் இதை எழுதுகிறேன். குருவிடம் நாம் பரதநாட்டியம் படித்த முறையை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் ஒரே வாரத்தில் தொண்டை கட்டிவிடும். குருவிடம் போனவர்கள் ஆசைப்பட்டுப் போனவர்கள். வகுப்பில் இருக்கும் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் நடனம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் இல்லை. அந்த முப்பத்தைந்து பேருக்கும் ஏதாவது சேர வேண்டும் என்று நினைத்துச் செய்தால்தான் அது பாடம். மற்றதெல்லாம் ஐட்டம்.

சேருவதற்கு முன்

நடனத்தில் பட்டமோ டிப்ளமாவோ கேட்பார்கள். வடக்கே பள்ளி அலுவலகங்களுக்குப் பழகிய பட்டப் பெயர்கள் விஷாரத், பிரபாகர் போன்றவை. சண்டிகரின் பிராசீன் கலா கேந்திரா, அலகாபாத்தின் பிரயாக் சங்கீத் சமிதி சான்றிதழ்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். நம்மூர்ச் சான்றிதழோடு போகிறவர்கள், அது எத்தனை வருடப் படிப்பு, என்னென்ன தேர்வு என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி இணைத்துவிடுங்கள். கேந்திரிய வித்யாலயாக்களில் நடனத்துக்குப் பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் பயிற்சியாளரை எடுக்கிறார்கள். சேரும்போதே அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும், மார்ச்சில் ஒப்பந்தம் முடியும்போது அழக்கூடாது.

நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதைவிட நீங்கள் அவர்களைக் கேட்பது முக்கியம். எந்தெந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை பீரியட், தனி அறை உண்டா, ரிப்போர்ட் கார்டில் நடனத்துக்கு கிரேடு உண்டா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட் கார்டில் இல்லாத பாடத்தின் பீரியட்டைத் தேர்வு நெருங்கும்போது கணக்கும் சயின்ஸும் எடுத்துக்கொண்டுவிடும்.

பேச்சுக்கு வலு வேண்டுமென்றால் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும். 1 முதல் 12 வரை எல்லா வகுப்புக்கும் கலைக் கல்வி கட்டாயம், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பீரியட் என்று சிபிஎஸ்இ 2019இல் சுற்றறிக்கை அனுப்பியது. பாடம், பாடம் சாராதது என்ற கெட்டியான பிரிவினை வேண்டாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. பள்ளிப் பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி 2024இல் கொண்டுவந்த கலைப் புத்தகங்களில், மூன்றாம் வகுப்புக்கான 'பான்சுரி'யிலும் ஆறாம் வகுப்புக்கான 'கிருதி'யிலும், நடனத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. புத்தகம் இருப்பதைக் காட்டினால் பிரின்சிபாலின் குரல் மாறும். பல பள்ளிகளில் அந்தப் புத்தகத்தை யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பீரியட் 40 நிமிடம் என்று எழுதியிருக்கும். வரிசையில் நடந்து வர 5 நிமிடம், ஷூ கழற்ற 4, திரும்ப மாட்ட 6. முதல் வகுப்பில் பாதிப் பேருக்கு லேஸ் கட்டத் தெரியாது, அதையும் நாம்தான் கட்டிவிட வேண்டும். மிச்சம் 25 நிமிடம். வாரத்துக்கு இரண்டு, விடுமுறை தேர்வு எல்லாம் போக 30 வாரம். ஆக ஒரு குழந்தைக்கு வருடத்தில் 25 மணி நேரம். சாயங்கால வகுப்பில் வாரம் இரண்டு மணி நேரம் படிக்கிற பெண்ணுக்கு மூன்று மாதத்தில் இதே நேரம் கிடைத்துவிடும். அவளுக்கு வைத்திருக்கும் பாடத்திட்டத்தைப் பள்ளிக்குக் கொண்டுவராதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

அரங்கேற்றக் கேள்வியும் இங்கேதான் வரும். ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயில் வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "டீச்சர், உங்க ஸ்கூல்லதான் ரெண்டு வருஷமா கத்துக்கறா. அரங்கேற்றம் எப்போ வச்சுக்கலாம்?" "இது ஸ்கூல் பாடம்மா. அதுக்கு சாயங்காலம் நல்ல குருகிட்ட அனுப்புங்க" என்றேன். அந்த குரு நானாக இருக்கக்கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளை நம் தனி வகுப்புக்கு இழுத்தால், வகுப்பில் யாருக்கு முன்வரிசை என்பதில் நம்மை அறியாமலே கை சாய்ந்துவிடும்.

அறை, தரை, உடை

தில்லிப் பள்ளிகளில் தரை பெரும்பாலும் கோட்டா கல், மொசைக், மார்பிள். அடியில் காங்கிரீட். மரத்தரை கிடைத்தால் அதிர்ஷ்டம். கல்தரையில் தட்டுவதற்கு ஒரு அளவு வேண்டும்: குதித்து மெட்டு அடவு (அடவு என்றால் அடிப்படை ஆட்ட அசைவு) போன்ற குதிப்புகளை ஒரு வகுப்பில் சில முறைக்கு மேல் வைக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அன்றைக்குத் தட்டு கிடையாது, உட்கார்ந்து தாளம்தான். பொறுத்துக்கொள் என்று சொல்லக்கூடாது. நாமெல்லாம் அப்படிப் பொறுத்துத்தான் நாற்பது வயதில் ஆர்த்தோ டாக்டரிடம் வரிசையில் நிற்கிறோம்.

ஸ்பான்ஜ் பாய் விரித்து ஆட வைக்காதீர்கள். பாதம் அதில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் முழங்கால் மாட்டிக்கொள்ளும். ஜமக்காளம் விரித்தால் வழுக்கும். உட்காரும்போது விரிப்பு, ஆடும்போது சுருட்டி மூலையில். ஜனவரியில் கல்தரை ஐஸ் போல இருக்கும். அந்த மாதம் முதல் ஐந்து நிமிடம் சாக்ஸோடு விரிப்பின் மேல் நின்று உடம்பைச் சூடாக்கிவிட்டு, அப்புறம் வெறுங்கால்.

உடை விஷயத்தில் நான் கற்றது ஒரு தந்திரம். பாவாடை யூனிஃபார்மில் அரைமண்டி (முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் நிலை) உட்காரச் சொன்னால் பெண் குழந்தைகள் கூசி நிமிர்ந்தே நிற்பார்கள். நாம் சோம்பல் என்று நினைத்துக்கொள்வோம். டைம்டேபிள் போடுகிறவரிடம் ஏப்ரலிலேயே போய், பி.டி. உடை போட்டு வருகிற நாளிலேயே நடன பீரியட்டையும் வைக்கச் சொல்லுங்கள். டிராக் பேன்ட் போட்ட அன்றைக்கு அதே வகுப்பின் அரைமண்டி இரண்டு அங்குலம் இறங்கும். கூடவே ஒரு வேண்டுகோள்: மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் வேண்டாம்.

நவம்பரில் காற்று கெட்டுப்போய்ப் பள்ளியை ஆன்லைனுக்கு மாற்றும் நாட்கள் வரும். அதற்கென்று பாடத்தை முன்பே ஒதுக்கி வையுங்கள். ஹஸ்தங்கள் என்ற கை முத்திரைகள், கண், கழுத்து அசைவுகள், தாளக் கணக்கு, வரலாறு இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி திரையில் நடக்கும். அடவை ஆன்லைனில் திருத்த முயலாதீர்கள். படம் ஒரு நொடி, ஒலி ஒரு நொடி தள்ளி வந்து எல்லார் தாளமும் தப்பாகவே தெரியும்.

முதல் நான்கு வாரம்: அடவு வேண்டாம்

ஆசையில் கை அரிக்கும், காலால் தரையைத் தட்டும் முதல் அடவான தட்டடவில் தொடங்கிவிடலாம் என்று. கொஞ்சம் பொறுங்கள். முதல் வாரம் நடப்பது மட்டும். நீங்கள் கழியால் தட்டுகிற வேகத்துக்கு அறை முழுக்க நடக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும், யார் மேலும் மோதக்கூடாது. நாற்பது பேர் மோதாமல் நடக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தட்டுக்கழியும், அதால் தட்டும் தாளக்கட்டையான மனையும் ஊரிலிருந்து கொண்டுவாருங்கள், தில்லியில் அலைந்து தேட வேண்டியிருக்கும். புளூடூத் ஸ்பீக்கரை முதல் மாதம் வெளியே எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது வாரம் அவரவர் பெயரைத் தாளத்தில் சொல்வது. 'அர்-ணவ்' இரண்டு, 'அ-னன்-யா' மூன்று. பெயரைச் சொல்லித் தட்டினால் ஒருவரும் வெட்கப்படுவதில்லை, நமக்கும் நாற்பது பெயர் மனப்பாடம் ஆகும். மூன்றாவது வாரம் கும்மி. கைதட்டே தாளம், வாத்தியம் தேவையில்லை, வட்டமாகச் சுற்றுவதால் முன்வரிசை பின்வரிசை கிடையாது. இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. நான்காவது வாரம் குழந்தைகள் வீட்டிலிருந்து ஆட்டம் கொண்டுவர வேண்டும். பஞ்சாபி வீட்டுப் பிள்ளை பாங்ராவைக் கொண்டுவருவான், குஜராத்திப் பெண் கர்பாவை, அஸ்ஸாம் குழந்தை பிஹுவை. பாங்ராவின் எட்டுக்கு நடுவில் 'தகதிமி தகதிமி' என்று நீங்கள் சொல்லிக்காட்டுங்கள். அந்தப் பையன் முகத்தைப் பாருங்கள்.

ஒரு பீரியட்டின் உள்ளே

25 நிமிடத்தை நான் இப்படிச் செலவழிக்கிறேன். முதல் 2 நிமிடம் வணக்கம். தட்டிக்கும்பிடுவதன் பொருள், இனி காலால் மிதிக்கப்போகிற தரையிடம் மன்னிப்புக் கேட்பது என்று ஒரே வரியில் சொல்வேன். மத காரணத்துக்காகத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வீடு நினைத்தால், அந்தக் குழந்தை கையை மார்பு முன் வைத்துத் தலை சாய்த்தால் போதும். எல்லார் முன்னாலும் விசாரிக்காதீர்கள்.

அடுத்த 5 நிமிடம் உடம்பைச் சூடாக்குவது. கணுக்கால், இடுப்பு, தோள். அதற்கப்புறம் 8 நிமிடம் புதுப் பாடம், ஒரே ஒரு விஷயம். தட்டடவின் 'தெய்யா தெய்' என்றால் அன்று அது மட்டும். முதலில் வாய், அப்புறம் கை, அப்புறம்தான் கால். வாயில் சொல்லுக்கட்டு, அதாவது 'தெய்யா தெய்' போன்ற தாளச் சொல், ஒழுங்காக வராத குழந்தையின் காலில் அது எப்படி வரும்? இந்தி பேசும் குழந்தைகள் 'தகிட'வை 'தகிட்' என்று முடித்துவிடுவார்கள், கடைசி உயிர் காணாமல் போய்விடும். அந்த அரை எழுத்தில்தான் தாளம் ஓடிப்போகிறது. சிரித்துக்கொண்டே இழுத்துச் சொல்லவையுங்கள்.

அரைமண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து பக்கவாட்டில் திருப்பினால் முழங்கால் உள்ளே விழும். 'முட்டி கால்விரலுக்கு நேராகப் பார்க்கட்டும்' என்ற ஒரே கட்டளை போதும். பாதம் முழுசாகத் திரும்பாவிட்டால் பரவாயில்லை, முட்டி எங்கே பார்க்கிறதோ அந்த அளவுதான் பாதமும். ஒரு மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் முதல் பருவத்தில் உட்கார வைக்காதீர்கள்.

அடுத்த 7 நிமிடம் நான் பேசவே மாட்டேன். நாலு நாலு பேராகப் பிரிந்து, அன்று கற்ற அடவை வைத்து எட்டுத் தட்டுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும். சத்தம் கூரையைப் பிய்க்கும். பக்கத்து வகுப்பு சமஸ்கிருத ஆசிரியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார், கண்டுகொள்ளாதீர்கள். பாடம் நடப்பதே இந்த ஏழு நிமிடத்தில்தான். யார் எண்ணுகிறார்கள், யார் மற்றவருக்கு இடம் விடுகிறார்கள், யார் பக்கத்துக் குழுவைக் காப்பி அடிக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியும். கடைசி 3 நிமிடம் மூச்சு, வணக்கம்.

வகுப்பு வாரியாக எவ்வளவு

1, 2 வகுப்புக்கு அடவே வேண்டாம். விலங்கு நடை, மழை, ரயில், கதை. மூன்று முதல் ஐந்து வரை கும்மி, கோலாட்டம், தட்டடவு, நாட்டடவில் ஒன்றிரண்டு, ஒற்றைக் கை ஹஸ்தங்களில் முதல் பத்து. பழைய நடன நூலான அபிநய தர்ப்பணம் சொல்லும் ஒற்றைக் கை ஹஸ்தம் 28. அத்தனையையும் மனப்பாடம் செய்யவைத்துப் பெற்றோர் முன் ஒப்பிக்கச் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. விரல்களைச் சேர்த்து நீட்டும் பதாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேகம், காடு, ஆறு, இரவு, வேண்டாம் என்று மறுப்பது எல்லாம் அந்த ஒரே கையில் வரும். 'இந்தக் கையை வைத்து யமுனையைக் காட்டு' என்றால் ஒரு பிள்ளை அலையைக் காட்டுவான். இன்னொருத்தி அதே கையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவளுக்கும் முழு மதிப்பெண்தான்.

ஐந்தாம் வகுப்புக்கு நான் மிகவும் விரும்பும் பாடம் ஒன்று உண்டு. வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் 'தகிட', மறுபக்கம் 'தகதிமி'. எல்லாருக்கும் ஒரே வேகம். சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் காலைத் தட்ட வேண்டும். முதல் தட்டு சேர்ந்து விழும், அப்புறம் பிரிந்துவிடும், பன்னிரண்டு எண்ணி முடித்ததும் மறுபடி இரண்டு பக்கமும் சேர்ந்து விழும். மூன்றும் நாலும் பன்னிரண்டில் சந்திப்பதைக் காலால் கண்டுபிடித்த குழந்தைக்கு மீச்சிறு பொது மடங்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கண்டத்தையும் (ஐந்து) திச்ரத்தையும் (மூன்று) மோதவிடுங்கள், எங்கே சந்திக்கும் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லட்டும். கணக்கு டீச்சரை ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் உங்கள் பீரியட்டைக் கேட்க மாட்டார்.

ஆறு முதல் எட்டு வரை அடவுக் கோவைகள், இரண்டு காலம் (வேகம்) மட்டும். மூன்றாம் காலம் ஆசைப்படுகிறவர்களுக்கு. கூடவே கதக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தில்லியில் எந்த வகுப்பிலும் கதக் படிக்கும் குழந்தை ஒன்றிரண்டு இருக்கும். அவர்களை முன்னால் அழைத்து 'தா தெய் தெய் தத்' ஆடச் சொல்லுங்கள். அவர்கள் நிமிர்ந்து நின்று தட்டுகிறார்கள், நாம் உட்கார்ந்து தட்டுகிறோம், எடை எங்கே போகிறது என்று வகுப்பே பேசட்டும். உங்கள் பாணியை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாது.

ஒன்பதாம் வகுப்பில் வரலாறு. இரண்டாயிரம் ஆண்டாக மாறாமல் வந்த கலை என்று ஒரு வரி எல்லா மேடையிலும் சொல்வார்கள். வகுப்பில் அதைச் சொல்லாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்ததையும், தேவதாசிகள் ஆடிய சதிர் என்ற ஆட்டத்தின் பெயர் 1930களில் பரதநாட்டியம் என்று மாறியதையும், ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கியதையும், 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்ததையும் வரிசையாகச் சொல்லுங்கள். யார் ஆடிய ஆட்டம், யார் கைக்குப் போனது, யார் வீட்டில் சலங்கை நின்றுபோனது என்ற கேள்வி பதினான்கு வயதுக்கு நன்றாகவே புரியும். அந்த மரபிலேயே வந்து ஆடிய பாலசரஸ்வதியின் பெயர் இல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள்.

ஆட மாட்டேன் என்கிறவர்கள்

ஏழாம் வகுப்புப் பையன்கள். "யே லட்கியோன் வாலா ஹை, மேம்." பொம்பளைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்கிறான். தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்கள், கதகளியை நெடுங்காலம் ஆண்களே ஆடினார்கள் என்று சொற்பொழிவு ஆற்றினேன், ஒருவனும் அசையவில்லை. தாளக்கட்டை ஒருவன் கையில் கொடுத்து 'நீ தட்டு, நாங்கள் ஆடுகிறோம், தப்பினால் உன் பொறுப்பு' என்றேன். அன்றிலிருந்து அவன் வகுப்புக்கு முதல் ஆளாக வந்தான். இரண்டாவது மாதம் ஒயிலாட்டம். கைக்குட்டை, வரிசை, வேகம். கிரிக்கெட் ஆடுகிறவனுக்கு அது சீக்கிரம் பிடிக்கும்.

சில குழந்தைகள் உண்மையிலேயே பிறர் முன் ஆட முடியாதவர்கள். அவர்களுக்கு மேடை கட்டாயம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வகுப்பில் ஆட வேண்டும், விழாவில் ஆட வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வருகிற குழந்தைக்குக் கையும் கண்ணும் தாளமும் முழுப் பாடம். 'நீ ஓரமா உட்கார்ந்து பாரு' என்று மட்டும் சொல்லக்கூடாது.

பாட்டுத் தேர்வில் ஜாக்கிரதை. நம் உருப்படிகள், அதாவது மேடையில் ஆடுபவை, பெரும்பாலும் பக்திப் பாடல்கள். வகுப்பில் எல்லா மதக் குழந்தைகளும் இருக்கிறார்கள். மழை, பறவை, குறள், பாரதியின் தேசப் பாடல், அலாரிப்பு, ஜதிஸ்வரம், தில்லானாவின் ஜதிப் (தாளச் சொல்) பகுதி என்று சுற்றி வந்தாலே எட்டாம் வகுப்பு வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்குமேல் ஒரு பக்திப் பாடலை எடுத்தால் கதையாக எடுங்கள்.

தொடாமல் திருத்துவது

நம் குருமார்கள் முழங்கையைத் தூக்கிவிட்டார்கள், முதுகை நிமிர்த்தினார்கள், கழியாலும் ஒன்று வைத்தார்கள். பள்ளியில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. 2012இன் போக்சோ சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் இதில் கறாராக இருக்கின்றன, எனக்கு அது சரியென்றே படுகிறது. கதவு திறந்தே இருக்கட்டும். திருத்தம் வாயால்: 'முழங்கையின் கீழே ஒரு பூனை தூங்குகிறது, நசுக்காதே.' கையைத் தாழ்த்துகிற குழந்தை உடனே தூக்கும். இல்லையென்றால் சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள், சுவர் சொல்லித்தரும். காயம் படும் நிலையில் தொட்டே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டு, எல்லார் கண்ணெதிரிலும்.

மதிப்பெண்

பிறவியிலேயே வளைகிற உடம்புக்கு மதிப்பெண் போட்டால் அது பாடம் ஆகாது. நான் 20க்கு இப்படிப் பிரிக்கிறேன்: தாளம் 5, சொல்லுக்கட்டு சொல்வதும் நோட்டும் 5, குழுவில் செய்வது 5, ஏப்ரலில் இருந்த இடத்திலிருந்து நகர்ந்த தூரம் 5. கடைசி ஐந்தைப் போட ஏப்ரலில் எடுத்த ஒரு குறிப்பு வேண்டும். வகுப்புப் பட்டியலில் ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு வரி: 'எண்ண வருகிறது, இடது கால் பின்தங்குகிறது.' செப்டம்பரில் அதே பட்டியலில் அடுத்த வரி. வீடியோ எடுப்பது வசதிதான், ஆனால் பள்ளியின் கருவியில், பெற்றோர் அனுமதியோடு மட்டும். சொந்த போனில் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்த சக ஆசிரியை ஒருவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

11, 12ஆம் வகுப்பு

சிபிஎஸ்இயில் மேல்நிலையில் நடனம் பொதுத்தேர்வுப் பாடம். பரதநாட்டியத்துக்குப் பாட எண் 057, கதக் 056, குச்சிப்புடி 058, ஒடிசி 059. எழுத்துத் தேர்வு 30, செய்முறை 70. பிசிஎம் (இயற்பியல், வேதியியல், கணிதம்) எடுக்கும் பிள்ளைகள் ஐந்தாவது பாடமாக இதை எடுப்பதுண்டு. செய்முறைக்கு 70 என்றதும் பெற்றோர் முகம் மலரும், சும்மா ஆடினால் போதும் என்று நினைப்பார்கள். அங்கேயே தெளிவாகச் சொல்லுங்கள்: நாலைந்து வருடமாவது கற்ற பிள்ளைக்குத்தான் இது பொருந்தும். பதினொன்றில் 'தெய்யா தெய்' தொடங்கி அடுத்த வருடம் தேர்வாளர் முன் நிறுத்துவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

பாடத்திட்டத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் வாரியத்தின் இணையதளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள், போன வருடத்து நகலை நம்பாதீர்கள். செய்முறையில் நன்றாக ஆடும் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றே: ஆடாமல் உட்கார்ந்து, தாளம் போட்டுக்கொண்டு ஜதியைச் சொல்லு என்றால் நின்றுவிடுவார்கள். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு நாள் இதற்கு மட்டும் வையுங்கள். எழுத்துக்கு, ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழக வேண்டும். வடமொழிச் சொற்களை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் ஒரே முறையைப் பின்பற்றட்டும்.

தில்லியில் இருப்பதன் லாபம் இங்கேதான். சங்கீத நாடக அகாதமி 1953இலிருந்து இங்கே இருக்கிறது. ரவீந்திர பவனில் அதன் நூலகமும் ஒலி, ஒளிப் பதிவுகளும் உண்டு. துவாரகாவில் சிசிஆர்டி என்ற கலாசாரப் பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது, 10 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்குக் கலை உதவித்தொகையும் தருகிறது. 1977இல் கிரண் சேத் தில்லி ஐஐடியில் தொடங்கிய ஸ்பிக் மெக்கே அமைப்பு, பெரிய கலைஞர்களையே பள்ளிக்கு அழைத்துவரும். எழுதிக் கேளுங்கள்.

ஆண்டு விழாவை என்ன செய்வது

ஒழிக்க முடியாது, நானும் முயன்று பார்த்துவிட்டேன். விழா வகுப்பைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளலாம். அக்டோபரில் பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுங்கள்: ஒத்திகை வகுப்பு நேரத்தில் இல்லை, ஜீரோ பீரியடிலும் (முதல் பீரியடுக்கு முந்தைய நேரம்) சனிக்கிழமையிலும். இரண்டாவது, புது ஐட்டம் கற்பிப்பதில்லை. வகுப்பில் செய்ததையே கோத்து மேடையேற்றுவது. ஐந்தாம் வகுப்பின் திச்ர சதுச்ர (மூன்று, நாலு) விளையாட்டை அறுபது பேரோடு, பாட்டே இல்லாமல், காலும் வாயும் மட்டுமாக ஒரு வருடம் மேடையில் வைத்தோம். எல்.இ.டி. திரையும் புகையும் இல்லாத ஒரே நிகழ்ச்சி அதுதான். பன்னிரண்டு எண்ணி முடித்ததும் அறுபது காலும் சேர்ந்து விழுந்தபோது ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது.

உடை வாடகையை முன்பே சொல்லிவிடுங்கள். கொடுக்க முடியாத வீடுகள் இருக்கும், பிள்ளைகள் அதைச் சொல்ல மாட்டார்கள், 'எனக்கு ஆட இஷ்டமில்லை' என்று மட்டும் சொல்வார்கள். வெள்ளைக் குர்தாவும் வண்ணத் துப்பட்டாவும் எல்லார் வீட்டிலும் கிடைக்கும். முதல் வரிசையில் சிவந்த பிள்ளைகளை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால், எட்டுத் தட்டுக்கு ஒரு முறை வரிசை மாறுவதுபோல அமைத்துவிட்டு, அமைப்பே அப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள்.

மார்ச் மாதம்

புதிய வகுப்புகள் ஏப்ரலில் தொடங்குவதற்கு முன் பீரோவைத் திறந்து கணக்கெடுங்கள். சலங்கை ஜோடி எத்தனை, கோலாட்டக் கோல் எத்தனை, ஜமக்காளம், தட்டுமனை. சலங்கையில் மணி உதிர்ந்திருக்கும், ஒரு டப்பா நிறைய தனி மணிகள் சேர்ந்திருக்கும், கோத்து வையுங்கள். ஒவ்வொரு வகுப்பும் எந்த அடவில் நிற்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அதே பீரோவில் வையுங்கள். அடுத்த வருடம் அங்கே நீங்களே இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது, ஒப்பந்தம் அப்படி. எனக்கு முன்னால் இருந்தவர் எதுவும் எழுதி வைக்கவில்லை. பீரோவில் நான் கண்டெடுத்தது ஒரு ஒற்றைச் சலங்கையும் நாலு ஐட்டத்தின் சி.டி.யும்தான்.